காலித் தாயத்து

காளியாத்தாளுக்குப் பொய் சொல்ல வராது. கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், கேரள எல்லைக்குள் இருக்கும் நாலைந்து தமிழ் ஊர்களில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போட்டாவுல இன்னுங் கொஞ்சம் முடி இருந்துச்சேங்க" என்று கேட்டவள் அவள். அந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்டவள் நாற்பத்தைந்து வயதில் ஒரே ஒரு பொய் சொன்னாள். சொன்ன வாய் அந்த வாய் என்பதால் ஊரே அதை நம்பிவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது.

பொய் இவ்வளவுதான். தம்பி பிரதீப்பின் இரண்டாவது குழந்தைக்குத் தொப்புள்கொடி ஒன்பதாம் நாளே காய்ந்து விழுந்துவிட்டது என்றாள்.

இதில் போய்ப் பொய் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். அவர்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. குழந்தையின் கொடி விழுந்ததும் அதை வெள்ளித் தாயத்துக்குள் வைத்து, வாயை அரக்கால் அடைத்து, அரைஞாணில் கோத்துக் கட்ட வேண்டும். கட்டுகிற உரிமை அத்தைக்கு. பதினோராம் நாள் சொந்தபந்தம் கூடித் தொட்டிலில் போடும்போது குழந்தையின் இடுப்பில் தாயத்து தொங்க வேண்டும். காளியாத்தாள் ஆசையாகக் கொழிஞ்சாம்பாறை ஆசாரியிடம் சொல்லி, பிள்ளை பிறக்கும் முன்பே தாயத்தைச் செய்து வைத்திருந்தாள். குழந்தைக்கு தன்ஷிகா என்று பெயர் வைத்தார்கள். காளியாத்தாளுக்கு அந்தப் பெயர் வாயில் சரியாக உட்காரவில்லை. அம்முணி என்றே கூப்பிட்டாள்.

பத்தாம் நாள் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது பார்த்தாள். கொடி விழவில்லை. அடியில் ஈரம் வேறு. அதைப் பார்த்த உடனே குழந்தையைத் துணியால் சுற்றி மூடிவிட்டாள். ஏனென்றால் இதே காட்சியை அவள் இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்னால் தன் சொந்தப் பிள்ளையிடம் பார்த்திருந்தாள்.

அந்தப் பிள்ளைக்குக் கொடி விழ நாற்பத்தொரு நாள் ஆனது. அதற்குள் ஊர் சும்மா இருக்குமா? கொடி உதிராத பிள்ளை தங்காது என்றார்கள், பெத்தவள் வயிற்றில் ஏதோ கோளாறு என்றார்கள், கர்ப்பத்தில் என்ன தின்றாளோ என்றார்கள். வார்த்தைகள் போதாதென்று பிள்ளைக்குப் புண் மேல் புண்ணாக வந்தது. எதுவும் ஆறவில்லை. பல் முளைக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை. பதினோராவது மாதம் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். தென்னந்தோப்பின் மூலையில் அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்றிலிருந்து அவள் கணவர் குப்பண்ணன் பிள்ளையின் பெயரை வாயால் சொன்னதில்லை. அடுத்து ஒரு பிள்ளையும் உண்டாகவில்லை. பத்து வயதுத் தம்பியாக இருந்த பிரதீப்தான் அந்த வீட்டில் பிள்ளையாக வளர்ந்தான்.

பிரதீப்பின் மனைவி வனிதா வேறு யாருமில்லை, குப்பண்ணனின் சித்தப்பன் மகள். காளியாத்தாளை அவள் அம்மா பிறந்த வீட்டிலேயே கொடுத்து, தம்பிக்கும் அங்கேயே பெண் எடுத்திருந்தார்கள். அண்ணன் பெண்டாட்டி என்ற வழியில் பார்த்தாலும், புருஷனின் அக்கா என்ற வழியில் பார்த்தாலும் வனிதாவுக்குக் காளியாத்தாள் நங்கை. அம்மா இல்லாத பெண். தாய்வீடு என்பதே அவளுக்குக் காளியாத்தாள் வீடுதான். இந்தப் பெண்ணும் அந்தப் பேச்சையெல்லாம் கேட்க வேண்டுமா?

"நங்கை, இன்னும் உழுகலீங்களே. நாளைக்கு எல்லாரும் வருவாங்களே" என்றாள் வனிதா.

"நீ வாயத் தொறக்காத கண்ணு. ஒம்பதாம் நாளே உழுந்துருச்சுன்னு நாஞ் சொல்லிக்கறேன்."

"கேப்பாங்களேங்க?"

"நாஞ் சொன்னா எவ கேப்பா?"

எவளும் கேட்கவில்லை. காலித் தாயத்தை அரக்கு வைத்து அடைத்து, பதினோராம் நாள் எல்லோர் முன்னாலும் அம்முணியின் இடுப்பில் கட்டினாள் காளியாத்தாள். நிஜக் கொடி துணிக்குள் ஒளிந்திருந்தது. முப்பத்தெட்டாம் நாள் குளிப்பாட்டும்போது அது அவள் உள்ளங்கையில் உதிர்ந்தது. மஞ்சள் துணியில் முடிந்து, அலமாரிக்குள் கூறைப்புடவைக்கு அடியில் இருந்த ஒரு பவுடர் டப்பாவில் போட்டு மூடினாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

சரியாகவில்லை. இரண்டாம் மாதம் தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்கியது. கோயம்புத்தூரில் குழந்தைகளுக்கான பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்து நாள் ஊசி போட்டு அனுப்பினார்கள். ஐந்தாம் மாதம் காதுக்குப் பின்னால் ஒரு புண். மறுபடியும் பத்து நாள். இரண்டு தடவையும் டாக்டர் ஸ்ரீலேகா கேட்டார். டாக்டருக்குச் சொந்த ஊர் பாலக்காட்டு கல்பாத்தி. முப்பத்தைந்து வயதிருக்கும். எதைக் கேட்டாலும் நிதானமாக, பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்பார்.

"கொடி எத்தனையாம் நாள் விழுந்துது?"

"ஒம்பதாம் நாளுங்க" என்றாள் காளியாத்தாள், வனிதா வாயைத் திறப்பதற்குள். வனிதா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் தாளில் ஏதோ ஒரு வரியை அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அடித்த வரியில் என்ன எழுதியிருந்தது என்று அன்றைக்கு இருவருக்கும் தெரியாது.

எட்டாம் மாதம் மூன்றாவது முறையாகச் சேர்த்தார்கள். இந்தத் தடவை தொடையில் புண். ரூபாய் நாணய அளவில் தொடங்கி உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. அதில் ஒரு சொட்டுச் சீழ் இல்லை. கீழே இரண்டு பல் எட்டிப் பார்த்தது, ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. வெள்ளைத் துணியால் அம்முணியின் வாயைத் துடைக்கத் துடைக்க, துணி சிவந்தது. காளியாத்தாள் அந்தத் துணியைத் தனியாகக் கொண்டுபோய்க் குழாயடியில் அலசினாள். வனிதா பார்க்கக் கூடாது என்பதற்காக இல்லை. தான் அழுவதை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக.

டாக்டர் ஸ்ரீலேகா பிரதீப்பை உட்காரவைத்துச் சொன்னார். "வெள்ளை அணு எக்கச்சக்கமா இருக்கு. ஆனா புண்ணுக்கு ஒண்ணும் போய்ச் சேரலை. ரத்தமும் நிக்க மாட்டேங்கறது. எனக்கு ஒரு நூல் கிடைச்சாப் போறும், பிடிச்சுண்டு போயிடுவேன். உங்க குடும்பத்துல சின்னக் குழந்தையா யாராவது தவறியிருக்காளா?"

"அக்காளுக்கு ஒரு பையன் தவறிப்போச்சுங்க. காய்ச்சல்ல" என்றான் பிரதீப்.

டாக்டர் காளியாத்தாளைப் பார்த்தார். "காய்ச்சல் மட்டுந்தானா?"

"ஆமாங்க" என்றாள். அதுவும் பாதிப் பொய்தான். முதல் பொய்க்கு முட்டுக் கொடுக்க வந்தது.

கால் எலும்பைப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். நர்ஸ் டின்சி வந்து அரைஞாணை அவிழ்த்தாள். படம் எடுக்கும்போது உடம்பில் வெள்ளி கூடாதாம். தாயத்தைக் கையில் எடுத்தவள் பழக்கதோஷத்தில் அதைக் காதோரம் வைத்துக் குலுக்கினாள்.

"இதெந்தா சேச்சி, ஒரு சத்தமும் இல்லல்லோ? இங்க வர்ற குழந்தைங்க தாயத்தெல்லாம் கிலுகிலுன்னு கேக்கும். உள்ள கொடி வெக்க மறந்து போயோ?" என்று சிரித்துக்கொண்டே காளியாத்தாளின் கையில் போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். காளியாத்தாள் அப்படியே நின்றுவிட்டாள். கையில் இருந்த தாயத்துக்குக் கனமே இல்லை. எட்டு மாதமாக ஒன்றுமில்லாத ஒன்றைக் குழந்தையின் இடுப்பில் கட்டிவைத்து, அது காப்பாற்றும் என்று தானும் நம்பி மற்றவர்களையும் நம்பவைத்திருக்கிறாள். உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. நேராக டாக்டர் அறைக்குப் போனாள். பிரதீப்பும் வனிதாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"கொடி ஒம்பதாம் நாள் உழுகலீங்க. முப்பத்தெட்டாம் நாள்தான் உழுந்துச்சு. நான் பொய் சொல்லிப்போட்டேனுங்க."

டாக்டரின் பேனா நின்றது.

"என்ற பையனுக்கும் அப்புடித்தானுங்க. நாப்பத்தொரு நாள். அவனுக்கும் புண்ணு ஆறவே இல்லீங்க. பல்லு மொளைக்கறப்ப இதே மாதிரி ரத்தமுங்க. ஊர்ல என்ற வகுத்தத்தான் குத்தஞ் சொன்னாங்க. இந்தப் புள்ளையும் அதக் கேக்க வேண்டாமுன்னு..." கையிலிருந்த தாயத்தை மேசைமேல் வைத்தாள்.

பிரதீப் எழுந்து நின்றான். "ஏனக்கா, ரெண்டு தடவை கேட்டாங்களே! ஆறு மாசத்துக்கு முன்னால சொல்லியிருந்தா?"

"நானுந்தாஞ் சொல்லுல" என்றாள் வனிதா மெல்லிய குரலில். "நங்கைய மட்டும் வையாதீங்க."

டாக்டர் ஸ்ரீலேகா கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள் காளியாத்தாள். அவர் எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப சொன்னேளே, அது போறும். நான் தேடிண்டிருந்த நூல் இதாக்கும். ஒம்பதாம் நாள்னு கேட்டுட்டு அன்னிக்குத் தாள்ல அடிச்சது இந்தச் சந்தேகத்தைத்தான்."

பிறகு பொறுமையாக விளக்கினார். கொடி தானாக விழுவதில்லை. வெள்ளை அணுக்கள் வந்து அறுத்துவிட வேண்டும். புண்ணில் சீழ் வருவதும் அவை வந்து சேர்ந்தால்தான். இந்தக் குழந்தையின் ரத்தத்தில் அவை வேண்டிய மட்டும் ஓடுகின்றன. "பஸ் நிறைய ஆள் இருக்கா. ஸ்டாப் வந்தா இறங்கத் தெரியலை" என்றார். இறங்குவதற்கு எதையாவது பற்றிப் பிடிக்க வேண்டும், அந்தப் பிடி பிறவியிலேயே இல்லை. ரத்தம் உறைவதற்கும் அதே பிடிதான் வேண்டும். எலும்பு சரியாக வளர்வதற்கும் அதுதான். அதற்குள் வந்துவிட்ட எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். எலும்பெல்லாம் உள்ளே சந்தே இல்லாமல், சுண்ணாம்பை அப்பியது போல வெளுப்பாக இருந்தது. புண், ரத்தம், எலும்பு என்று மூன்று நோயாக நினைத்து வைத்தியம் பார்த்தது அத்தனையும் ஒரே நோய். பல லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது.

"குணமாகுங்களா?" என்றான் பிரதீப்.

"எலும்பு மஜ்ஜையை மாத்தினா ஆகும். ஆனா சின்னக் குழந்தைக்கு அது சாமான்யக் காரியம் இல்லை. இந்த நோய்தான்னு நூத்துக்கு நூறு நிச்சயம் பண்ணிக்காம நான் கை வைக்க மாட்டேன்."

ஜீன் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினார்கள். முடிவு வர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் பிரதீப் அக்காளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டால் உம் என்பான். காளியாத்தாள் அதையும் வாங்கிக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதில் அவளுக்கு எட்டு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

முடிவு வந்தது. ஆனால் அதில் ஒரு சிக்கல். டாக்டர் நினைத்த ஜீனிலேயே ஒரு மாற்றம் இருந்தது, அம்மா வழியில் ஒன்றும் அப்பா வழியில் ஒன்றுமாக இரண்டு பக்கமும். ஆனால் இதே மாற்றம் இதுவரை எங்கும் யாருக்கும் இருந்ததாகப் பதிவு இல்லை. நோய்க்குக் காரணம் இதுதானா, அல்லது மச்சம் மாதிரி சும்மா இருக்கிற ஒன்றா என்று சோதனைக்கூடத்துக்காரர்கள் உறுதியாகச் சொல்லவில்லை.

"உங்க பிள்ளைக்கும் இதே மாற்றம் இருந்துதுன்னு தெரிஞ்சா சந்தேகம் தீர்ந்துடும்" என்றார் டாக்டர் காளியாத்தாளிடம். "ஆனா இருபத்து மூணு வருஷம் ஆச்சு. அவனோட ரத்தமோ எதுவோ இப்ப எங்கேர்ந்து கிடைக்கும்?" தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலத்தான் சொன்னார்.

காளியாத்தாளுக்கு இன்னும் ஒரு ரகசியம் பாக்கி இருந்தது. பிள்ளையைக் குழியில் வைக்கும்போது அரைஞாணோடு தாயத்தும் மண்ணுக்குள் போனதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள், குப்பண்ணன் உட்பட. கடைசியாகக் குளிப்பாட்டியபோது அதை அவள் கைக்குள் மறைத்துக்கொண்டதை ஒருவரும் பார்க்கவில்லை. கூறைப்புடவைக்கு அடியில் இருந்த பவுடர் டப்பா அதற்காக வந்த டப்பா. வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில் அதைத் திறந்து தாயத்தைக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்ப்பாள். அவனிடமிருந்து அவளுக்கு மிச்சமிருந்தது அந்தச் சத்தம் மட்டும்தான்.

"காஞ்ச கொடி ஆகுங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "இருக்கா?"

"இருக்குதுங்க. பரிசோதிச்சா திருப்பித் தருவீங்களா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பொய் சொல்ல மாட்டேன்மா. பழைய கொடியாச்சே. முழுக்கச் செலவானாலும் ஆகும்."

"ஊட்டுல அவியகிட்டக் கேட்டுட்டு வாறனுங்க."

மறுநாள் காலை குப்பண்ணன் தோப்பில் வாய்க்காலை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். காளியாத்தாள் டப்பாவோடு போய் நின்றாள். சுற்றி வளைக்க அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு மண்ணில் போடவில்லை என்றாள், எடுத்து வைத்துக்கொண்டேன் என்றாள், இப்போது அம்முணிக்கு வேண்டும் என்றாள். அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். திட்டுவார் என்று நினைத்தாள். இல்லாவிட்டால் வழக்கம்போல விலகிப் போய்விடுவார். அவர் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு நீட்டினார். தாயத்தை வாங்கி, காதோரம் வைத்து மெதுவாகக் குலுக்கினார்.

உள்ளே கிலுங்கென்று கேட்டது.

குப்பண்ணன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் குலுக்கிக்கொண்டே இருந்தார். தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு பக்கத்துப் பாத்திக்குப் போனது. அதை அவர் பார்க்கவில்லை.

"இத்தன வருசமா எனக்குச் சொல்லோணும்னு உனக்குத் தோணுலயா?"

"உங்களுக்குத்தான் அவம் பேரெடுத்தாலே ஆகாதுங்களே."

"ஆகாதுன்னு யார் சொன்னா? எடுத்தா நீ அழுவீன்னு நாஞ் சும்மா இருந்தேன்." அவர் தாயத்தை அவள் கையில் திருப்பி வைத்தார். "இது முழுசும் போயிருமா?"

"போனாலும் போகுமாமுங்க."

"போகட்டும். அம்முணிக்கு ஆகட்டும். நாளைக்கு நானும் வாறேன்."

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவரே காரை ஓட்டினார். பின் இருக்கையில் நாலு தேங்காய் மூட்டை. வைத்தியம் பார்க்கிற டாக்டரை வெறுங்கையோடு போய்ப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. கோபாலபுரம் செக்போஸ்டில் ஒரு காக்கிச்சட்டைக்காரர் நிறுத்தி, மூட்டைகளைத் தட்டிப் பார்த்தார். காளியாத்தாள் மடியில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்த பவுடர் டப்பாவின் மேல் அவர் கண் போனது.

"அதில எந்தா?"

"செத்துப்போன எம் பையனோட தொப்புக்கொடிங்க" என்றாள் காளியாத்தாள்.

உண்மை சொல்லிப் பழகிய வாய் அப்படித்தான், எதிரே நிற்பவர் தாங்குவாரா என்று பார்க்காது. அந்த மனிதர் இரண்டடி பின்னால் போய், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "போய்க்கோ, போய்க்கோ" என்று கையை வீசினார். மாதக்கணக்கில் சிரிப்பையே மறந்திருந்த குப்பண்ணன் கிணத்துக்கடவு வரை சிரித்துக்கொண்டே ஓட்டினார். சிரிப்புக்கு நடுவே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டின்சிதான் படிவம் எழுதினாள். "குழந்தையோட பேரு?"

காளியாத்தாள் வாயைத் திறப்பதற்குள் குப்பண்ணன் சொன்னார். "ஆனந்தகுமார்." டின்சி எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, சரியாக எழுதியிருக்கிறாளா என்று கேட்டு, இன்னொரு தடவையும் சொன்னார். "ஆனந்தகுமாருங்க. தகப்பன் பேரு குப்பண்ணன்."

தாயத்தின் அரக்கை டாக்டரே மெதுவாகப் பெயர்த்தார். உள்ளே இருந்தது மிளகாய்க் காம்பு அளவுக்கு, கறுத்துச் சுருண்ட ஒரு துண்டு. அதைக் கண்ணாடிக் குப்பிக்குள் போட்டு மூடும்போது காளியாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள். குப்பியைக் கும்பிட்டாளா, டாக்டரைக் கும்பிட்டாளா, பிள்ளையையே கும்பிட்டாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

இருபது நாளில் பதில் வந்தது. டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அதே மாற்றமாக்கும். ரெண்டு பக்கமும். இனிமே எனக்குச் சந்தேகம் இல்லை." பிறகு நாற்காலியைக் காளியாத்தாள் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். "உங்க வயித்துல ஒரு கோளாறும் இல்லைம்மா. நீங்க தின்னதும் இல்லை, நடந்ததும் இல்லை. உங்க அம்மா குடும்பத்துல பல பேர் இதுல பாதியைச் சுமந்துண்டு, நோவு நொடி இல்லாம இருந்திருக்கா. நீங்களும் பாதி, அவரும் பாதி. பிரதீப்பும் வனிதாவும் அப்படித்தான். ரெண்டு பாதி ஒரு குழந்தைகிட்ட வந்து சேர்ந்தா நோய். அந்தக் காலத்துல உங்க பிள்ளையை எந்த டாக்டர்கிட்டக் கொண்டுபோயிருந்தாலும் இதைக் கண்டுபிடிச்சிருப்பாளோ என்னமோ. இப்ப உங்க பிள்ளைதான் இவளுக்கு வழி காட்டியிருக்கான்."

இருபத்து மூன்று வருடமாக வயிற்றில் சுமந்த கல் இறங்குவது எப்படி இருக்கும் என்று காளியாத்தாளுக்கு அன்றைக்குத் தெரிந்தது. அவள் வாய்விட்டு அழுதாள். அதில் துக்கம் இருந்தது, ஆனால் பெரும்பங்கு நன்றிதான். பிரதீப் அத்தனை பேர் முன்னாலும் அக்காளின் மடியில் தலையை வைத்துக்கொண்டான். "உங்கூடப் பேசாம இருந்துட்டனே அக்கா" என்றான். "போடா, கிறுக்கு" என்று அவள் முதுகில் ஒன்று போட்டாள்.

அம்முணியின் அக்கா யோகப்பிரியாவுக்கு ஆறு வயது. அவள் மஜ்ஜை பொருந்தியது. "எனக்கு வலிக்குமா?" என்று டாக்டரிடம் நேரடியாகக் கேட்டாள். "தூங்கிண்டிருப்பே. எழுந்தப்பறம் இடுப்பு ரெண்டு நாள் வலிக்கும்" என்றார் டாக்டர். "ரெண்டு நாள்தான?" என்று சொல்லி ஒப்புக்கொண்டாள். அத்தையின் குணம் அவளுக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. வீட்டுக்குப் போனதும் தங்கச்சிக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டவர்களிடமெல்லாம், "உள்ளுக்குள்ள இருக்கறதக் குடுத்தேன்" என்று இடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

அடுத்த ஏழு வாரம் அம்முணி கண்ணாடி அறைக்குள் இருந்தாள். முடியெல்லாம் கொட்டியது. இரண்டு தடவை காய்ச்சல் ஏறி எல்லோரையும் பதறவைத்தது. காளியாத்தாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கை ஆட்டுவாள். ஒரு நாள் டின்சி, "இன்னிக்குப் புண்ணுல சீழ் வந்திருக்கு சேச்சி!" என்று ஓடிவந்து சொன்னாள். உலகத்திலேயே ஒரு குழந்தைக்குச் சீழ் பிடித்ததற்காக ஒரு வார்டே இனிப்புக் கொடுத்தது அன்றைக்குத்தான் இருக்கும். அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் தொடைப் புண் காய்ந்து மூடியது. யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று காளியாத்தாளுக்குக் குழப்பமாகிவிட்டது. டாக்டர், டின்சி, ஆறு வயது யோகப்பிரியா, பெயர் தெரியாத சோதனைக்கூடத்துக்காரர்கள், செக்போஸ்ட் காக்கிச்சட்டை வரைக்கும் அவள் பட்டியல் போயிற்று. வீட்டுக்குப் போன அன்று தோப்பு மூலைக்குப் போய்த் தன் பிள்ளைக்கும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படும்போது டாக்டர் ஸ்ரீலேகா ஒரு சின்னக் குப்பியை நீட்டினார். "பாதிதான் வேண்டியிருந்துது. இந்தாங்கோ, உங்க பிள்ளையோடது."

குப்பண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். "இனி ஒளிச்சு வெக்காத" என்றார் மனைவியிடம். "சாமி படத்துக்கிட்ட வெய்யி."

கூட்டம் கூட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், வீட்டு ஆட்கள் மட்டும் உட்கார்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காளியாத்தாள் அம்முணியின் தாயத்தை எடுத்தாள். அரக்கைச் சுரண்டித் திறந்து, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த முப்பத்தெட்டாம் நாள் கொடியை உள்ளே வைத்து மறுபடி அடைத்தாள். குப்பண்ணன் கையை நீட்டி வாங்கிக் காதில் வைத்துக் குலுக்கினார். தலையை ஆட்டினார். காளியாத்தாள் அரைஞாணில் கோத்து முடிச்சுப் போடக் குனிந்தாள்.

அவள் முடிச்சை இறுக்குவதற்குள் அம்முணி தாயத்தைப் பிடுங்கி வாயில் போட்டு, இருக்கிற நாலு பல்லாலும் நறுக்கென்று கடித்தாள்.

வனிதா எழுந்தே நின்றுவிட்டாள். காளியாத்தாள் குழந்தையின் தாடையைப் பிடித்து, கீழுதட்டை விரலால் இழுத்து, ஈறைச் சுற்றிலும் பார்த்தாள். மேலேயும் பார்த்தாள். முந்தானையின் வெள்ளைக் கரையால் வாயைத் துடைத்து அதைத் திருப்பிப் பார்த்தாள். வெறும் எச்சில்.

"ரத்தம் இல்லீங்க" என்றாள்.

காளியாத்தாள் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். எல்லோரும் நம்பினார்கள். ஆனாலும் குப்பண்ணன் எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தானும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.